வகுப்பில் ஐந்தாவது

பாலையூற்று,
திருகோணமலை.
1994

இஞ்சருங்கோ,

எங்கள் துஷ்யந்திக்கு மருத்துவபீடம் கிடைத்துவிட்டது! வகுப்பில் எப்போதும் ஐந்தாவதுதானா என்று நான் திட்டித் தீர்த்த பிள்ளை, மாவட்டத்திலேயே ஐந்தாவது. இடங்களை மாவட்டம் மாவட்டமாகத்தானே பிரிக்கிறார்கள்! கொழும்பில் உங்கள் தங்கையின் மகன் இவளைவிடக் கூடிய புள்ளி எடுத்தும், அங்குள்ள போட்டியில் அள்ளுப்பட்டுப் போனான், பாவம்.

ஊரே இப்போது என் மூளையைப் புகழ்கிறது. முன்வீட்டு இரத்தினேஸ்வரியக்கா வாசலிலேயே மறித்துவிட்டார்.

"எடியே கள்ளி, அங்க வந்து படிக்கட்டும் எண்டு உன்ர மச்சாள் கூப்பிடக் கூப்பிடப் பிள்ளையைக் கொழும்புக்கு விடாமல் வச்சிருந்தது இதுக்குத்தானோ?"

"ஓமக்கா, மூண்டு வருசத்துக்கு முந்தியே போட்ட திட்டம்" என்றேன், கூச்சமே இல்லாமல்.

உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். பிள்ளைக்கு மூச்சு இழுப்பு, கொழும்புத் தூசு ஒத்துவராது என்று எழுதினேன் அல்லவா? அவளுக்கு ஒரு இழுப்பும் இல்லை. துறைமுகப் பக்கம் ஷெல் வெடிக்கும்போது வீட்டில் தனியே இருக்க எனக்குத்தான் பயம்.

வருகிற மாதம் அவள் கம்பஸுக்குப் போகிறாள். சிரித்துக்கொண்டே பெட்டி அடுக்கிவிட்டேன். சவூதியில் உங்களுக்கு லீவு கேட்டால் தரமாட்டார்களா?

ஊருக்குக் கெட்டிக்காரியான,
உங்கள் பயந்தாங்கொள்ளி