மாப்பிள்ளைக்குத் தெரியாமல் இறுக்கிய செயின்

ஜூலை 3, வியாழன்

வலது தோளைக் காது மட்டத்துக்குக்கூடத் தூக்க முடியவில்லை. பல் தேய்ப்பதே இடது கையால்தான். டிராக்டரை மாப்பிள்ளையிடம் கொடுத்து இன்றோடு நான்கு நாள். எனக்காக வேலையை விட்டுவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர்.

ஒன்பது ஏக்கர். தோள் எலும்பு முறிந்ததில் போன வருடம் முழுக்கத் தரிசாகக் கிடந்தது. இருபதாம் தேதி வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். வயலில் தண்ணீர் ஏறிவிட்டால் எங்கள் கிழட்டு வண்டியை அதில் இறக்க முடியாது. அதற்குள் மூன்று தடவை உழுதாக வேண்டும். நிலத்துக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "இந்த வருஷமும் தரிசா போட்டீங்கன்னா வேற ஆளுக்குக் குத்தகைக்கு விட்டுருவேன். மனசுல வச்சுக்காதீங்க." மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பதாம்?

ஜூலை 4, வெள்ளி

மாப்பிள்ளை ஓட்டுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கலப்பையைத் தாங்கும் பின்கைகள் இரண்டும் பக்கவாட்டில் ஆடாமல் இருக்க, பக்கத்துக்கு ஒரு செயின் உண்டு. அதைத் தொளதொளவென்று விட்டிருக்கிறார். கலப்பை குடிகாரன் மாதிரி ஆடிக்கொண்டு போகிறது. இப்படியே போனால் பின்கை வளையும், டயரில் இடிக்கும், அப்புறம் எல்லாம் போச்சு.

கூலிக்கு வந்த டிரைவராக இருந்தால் காது புளிக்கத் திட்டியிருப்பேன். மாப்பிள்ளையை எப்படித் திட்டுவது? "மாப்ள, அந்தச் செயினு..." என்று ஆரம்பித்தேன். "சொல்லுங்க மாமா" என்று எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நிற்கிற மனிதரிடம் என்னத்தைச் சொல்ல? "டீ குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரியிடம், நீயாவது சொல்லேன் என்றேன். "நானா? எனக்கு டிராக்டர்ல முன்னாடி எது, பின்னாடி எதுன்னே தெரியாது."

ஜூலை 5, சனி

விடிந்ததும் விடியாததுமாக நானே போய்ச் செயின்களை இறுக்கினேன். கலப்பை தரையில் கிடந்தது. அதைத் தூக்கி வைக்க வண்டியைக் கிளப்ப வேண்டும். சத்தம் கேட்டால் மாப்பிள்ளை வந்துவிடுவார். அதனால் கிடந்தபடியே, ஒற்றைக் கையால். தோள் விண்விண் என்று தெறிக்கிறது. ஆனால் மனசுக்கு நிம்மதி.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடியும் தொளதொள. தானாகத் தளருமா என்ன? திரும்ப இறுக்கினேன்.

ஜூலை 8, செவ்வாய்

பேய் பிடித்த செயின்.

ஜூலை 9, புதன்

இன்று தந்திரமாக, அவர் சாப்பிட உள்ளே போன நேரம் பார்த்து இறுக்கினேன். வந்ததும் அப்படியே ஏறிக் கிளப்பிக்கொண்டு போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு நடந்து வருகிறார். வண்டி இல்லை. "மாமா, ஒரு சத்தம் கேட்டுச்சு..."

வலப்பக்கச் செயினை மாட்டும் இரும்புக் காதில் விரிசல். எப்படித் தூக்கினாரோ, எப்படித் திருப்பினாரோ! பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்ப் பற்றவைக்க இரண்டு நாளாகும். ஒன்பது ஏக்கரில் இரண்டாம் உழவே இன்னும் முடியவில்லை. இந்த மனிதரை நம்பி நான் — வேண்டாம், எழுதக் கூடாது.

ஜூலை 11, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. இந்தத் தடவை விடுவதாக இல்லை. ஸ்பேனரில் நீளமான பைப்பைச் சொருகி, உடம்பின் மொத்த எடையையும் போட்டு இறுக்கியிருக்கிறேன். இனி ஒரு பயல் தளர்த்த முடியாது.

ஜூலை 12, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

பற்றவைத்த காது பிய்ந்தே வந்துவிட்டது. இடது பின்கை வில்லாக வளைந்திருக்கிறது. பட்டறைக்காரர் வயலுக்கே வந்தார். குனிந்து பார்த்தவர், அறுபடாமல் இருந்த இடப்பக்கச் செயினை விரலால் சுண்டினார்.

"யாருய்யா இதை இப்படி இறுக்குனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் — இல்லை, பொய் எழுதாதே. நான் வாயைத் திறக்கவில்லை. நேரம் இருந்தது. நான் திறக்கவில்லை.

"நான்தாங்க" என்றார் மாப்பிள்ளை.

"கலப்பை கீழ கெடக்கும்போது இறுக்கியிருக்கீங்க. பின்கை மேல போகப் போகச் செயின் இன்னும் இறுகும்ல? அது எங்க போகும்? காதைத்தான் பிடுங்கும். தூக்கி வச்சுதான் இறுக்கணும். அதுலயும் கலப்பைக்கு ரெண்டு விரல் ஆட்டம் விடணும், மண்ணுக்குள்ள அது போற போக்குக்குக் கொஞ்சம் அசையணும். ஆட்டமே இல்லாம இறுக்கிக் கட்டுற ரோட்டவேட்டர்னு நெனச்சீங்களா? இதுகூடத் தெரியாம எதுக்குய்யா வண்டில ஏறுறீங்க?"

பத்து நிமிடம் திட்டினார். மாப்பிள்ளை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் கல்லு மாதிரி நின்றேன். அறுபத்திரண்டு வயசு எனக்கு. த்தூ.

ஜூலை 13, ஞாயிறு

மகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அவருக்கு மொத நாளே தெரியும்ப்பா. காலையில நீங்க குனிஞ்சு இறுக்குறதை ஜன்னல்ல பாத்துட்டாரு. மாமாகிட்ட எப்படித் தப்புன்னு சொல்றதுன்னு, தெனமும் கெளம்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் தளத்தி விட்டுட்டுப் போனாரு. புதன்கிழமை மட்டும் கவனிக்காம கெளம்பிட்டாரு. நேத்து தளத்தவே முடியலையாம். நாள் ஓடுதேன்னு அப்படியே எடுத்துட்டுப் போயிட்டாரு."

"ஏம்மா, உங்கிட்டயாவது சொல்லியிருந்தா நீ எங்கிட்ட..."

"நேத்துதான்ப்பா சொன்னாரு. அதுவும் நான் துருவித் துருவிக் கேட்டதுக்கு அப்புறம்."

நான் மரியாதைக்காக அவரிடம் சொல்லவில்லை. அவர் மரியாதைக்காக என்னிடம் சொல்லவில்லை. நடுவில் நிலம் போகப் போகிறது.



ஜூலை 14, திங்கள்

பட்டறையில் வைத்தே சொன்னேன், பட்டறைக்காரர் காதில் விழும்படி. "இறுக்குனது நான். அவரு இல்ல." பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பற்றவைக்கப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

திரும்பும்போது கேட்டேன்: "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மாப்ள?"

"எப்படி மாமா சொல்றது?"

இன்னொரு தடவை பிய்ந்தால் வண்டியின் பின்பக்க இரும்புக் கூடே உடைந்துவிடுமாம். அதற்கப்புறம் பழைய இரும்புக் கடைதான். ஆறு நாள் இருக்கிறது. முடியுமா? முடியாது. முடியவே முடியாது என்றுதான் தோன்றுகிறது.

ஜூலை 16, புதன்

கலப்பையைத் தூக்கி, தானாக இறங்கிவிடாமல் கட்டையை முட்டுக்கொடுத்து, மாப்பிள்ளை செயினை முறுக்க, நான் தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு விரல் ஆட்டம். திருப்பத்தில் அவர் கலப்பையை மண்ணைவிட்டு முழுக்கத் தூக்கிய பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொடுகிறார். முதல் நாளிலிருந்தே அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். நான்தான் பார்க்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

மூன்றாம் உழவுக்கு ஏழு ஏக்கர் பாக்கி. மாப்பிள்ளை உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். என்னிடம் காட்டாமல் மறைக்கிறார். இன்னும் மறைக்கிறார்!

ஜூலை 20, ஞாயிறு

காலையிலேயே மதகு திறந்துவிட்டார்கள். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேரச் சாயங்காலமாகும். ஒன்றரை ஏக்கர் பாக்கி.

மூன்று மணி இருக்கும். வரப்போரம் கலப்பையைத் தூக்கித் திருப்பியவர் வண்டியை நிறுத்தி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். வலது பின்கை முனையில் கலப்பையைப் பூட்டும் கிளிப் பாதி கழன்று தொங்குவதைக் கண்டேன். அது விழுந்தால் பின்கை கழன்று கலப்பை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். யோசிக்கவே இல்லை. ஓடிப்போய்த் தூக்கி நின்ற கலப்பைக்கு அடியில் நல்ல கையை நீட்டினேன்.

"யோவ்! கையை எடுய்யா! அறிவிருக்கா ஒனக்கு?"

சடாரென்று இழுத்துக்கொண்டேன். தூக்கி வைத்தது தானாக இறங்குகிற வண்டி. கலப்பை தொப்பென்று தரையில் உட்கார்ந்தது, என் கை இருந்த இடத்தில்.

மாப்பிள்ளை இறங்கி ஓடி வந்தார். முகம் வெளுத்துவிட்டது. "மாமா... மாமா, வாய் தவறி..."

நான் வரப்புக்கு விலகிக்கொண்டே சொன்னேன்: "கிளிப்பைப் போட்டுட்டு ஏறி ஓட்டுய்யா மொதல்ல. தண்ணி வந்துரும்."

ஐந்தரைக்கு முடிந்தது. ஆறே காலுக்குத் தண்ணீர் கடைசி வயலுக்குள் நுழைந்தது. நானும் அவரும் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து நிற்கவில்லை.

வீட்டில் அவர் மூச்சு விடவில்லை. நான்தான் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் இவளிடம் சொன்னேன்: "மாப்பிள்ளை இன்னைக்கு என்னைப் பார்த்து யோவ்னுட்டாருடி!"

இவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதைப் போய் இவ்வளவு சந்தோஷமாவா சொல்லுவாங்க?"