இன்னும் ஒரு பிடி நார்

வேங்கிக்கால், திருவண்ணாமலை.
திங்கட்கிழமை.

அன்பு மருமகள் அபிநயாவுக்கு, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு சக்கரவர்த்தி மாமா எழுதறது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை உன் வாயால கேட்டாத்தான் நம்புவோம்.

போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப்னு வருது. அதான் உன் ஹாஸ்டல் விலாசத்துக்குக் கூரியர்ல அனுப்பறேன். நீ எரிபொருள் கலந்து கொடுத்த ராக்கெட் மோட்டார் சோதனையில வெடிச்சிடுச்சுன்னு டிவியில கீழே ஓடின வரியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுகிட்டோம். ஒருத்தருக்குக் கையில தீக்காயம்னும் போட்டான். யாருன்னு போடலை. சாயந்திரம் நீ 'நல்லா இருக்கேன்'னு ஒரு வரி அனுப்பினே. அவ்வளவுதான். ஹாஸ்டல் ரசத்துல உப்பு கம்மின்னாலே ஒரு பக்கம் எழுதறவ நீ.

ஊர்ல உன் மானத்தை நான் விடலை. தெரு முனையில உன் படம் போட்டு நான் வெச்ச பேனரை, கலெக்டரே காரை நிறுத்திப் படிச்சாரு. இப்ப கழட்டிடலாமேன்னு டீக்கடை மூர்த்தி கேட்டான். வெடிச்சாத்தான்டா ராக்கெட் கிளம்பும், அதைத்தான் சோதிச்சாங்கன்னு சொன்னேன். கிளாஸ் கழுவப் போயிட்டான்.

எனக்குத் தெரியாத விஷயமா இது? பொங்கலுக்கு வந்தப்ப நீதானே விளக்கினே. எரிபொருள் கெட்டி ரப்பர் மாதிரி இருக்கும், பொடிசா வெட்டின நார் கலந்தா பலம் ஜாஸ்தி, ஆனா இழுவை கம்மி, நீண்டு கொடுக்காம விரிசல் விடும், விரிசல்ல நெருப்பு பூந்தா மோட்டார் தாங்காதுன்னு. மண்சுவத்துக்கு வைக்கோல் போடறதில்லையா, தைரியமா இன்னும் ஒரு பிடி போடுன்னு நான்தான் சொன்னேன். ஆபீஸ்ல உன்னை நிக்க வெச்சுக் கேட்டா என் பேரைச் சொல்லு. கீழ்பென்னாத்தூர்ல பாதி ஊரைக் கட்டின சக்கரவர்த்தி சொன்னபடி செஞ்சேன்னு சொல்லு. என்னை வந்து கேக்கட்டும். நான் பேசிக்கறேன்.

உன் அம்மா அழலை. சமைக்கிறா, ரேஷனுக்குப் போறா. என் அக்கா வேதாவாச்சே, அவளுக்கும் பலம் ஜாஸ்தி. நேத்து குழாயடியில குடம் நிரம்பி வழியறதுகூடத் தெரியாம நின்னுட்டிருந்தா. கூப்பிட்டதும் திரும்பி, "எந்தக் கைடா?"ன்னு என்னைக் கேட்டா. எதுக்கும் ஒரு பதில் வெச்சிருக்கிறவன் நான். குழாயை மூடிட்டு, குடத்தைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அதனால பாப்பா, நீ பேச வேணாம். ஏன் வெடிச்சுதுன்னு சொல்லவும் வேணாம். ரெண்டு கையும் தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு. கட்டு போட்டிருந்தா கட்டோடவே அனுப்பு. அண்ணாமலையார் உன்னைக் காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா சக்கரவர்த்தி