தலைகீழாகத் திருப்பிய சென்ட்

ஸ்டூபன்வில், ஒஹாயோ
1996 பிப்ரவரி 11

டெல்மருக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். என் கையெழுத்தைக் கண்டதும் பதறாதே. யாரும் சாகவில்லை, எந்த வக்கீலும் எதுவும் கேட்கவில்லை.

நீ என்னை விட்டுப் போனபோது நிலவறையில் மூன்று ஊறுகாய் ஜாடி நிறைய சென்ட் காசுகளையும் விட்டுவிட்டுப் போனாய். பதினோரு வருடம் அவை பக்கம் நான் திரும்பவில்லை. டிசம்பரில் செருப்புக் கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வெளியே முழங்கால் அளவு பனி. என்ன செய்வது? ஒரு ஜாடியைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தேன். 1972 என்று வருடம் போட்ட காசு மட்டுமே நூற்றுக்கணக்கில் இருக்கிறது.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் நாணயச் சங்கம் கூடுகிறது. அங்கே ஆஸ்கர் பிளெவ்னிக் என்பவர் அதே வருடத்தில் அச்சுப் பிழையால் எழுத்து இரட்டித்த சென்ட் ஒன்றைக் காட்டினார். அது நூறு டாலருக்கு மேல் போகுமாம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலால் காட்டியதும் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாக் காசும் இரட்டையாகத் தெரிகிறது. கொஞ்சம் டீ குடித்துவிட்டுப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. தலை கிறுகிறுக்கிறது.

இது தெரிந்த ஆள் எனக்கு நீ ஒருவன்தான். எது உண்மை, எது பொய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்காக மட்டுமே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் வேறு எதையும் தேடாதே.

வெர்னா

*

மெக்குக், நெப்ராஸ்கா
பிப்ரவரி 20

அன்புள்ள வெர்னா,

அந்த ஜாடிகளைக் குப்பையில் கொட்டியிருப்பாய் என்றே நினைத்திருந்தேன். கல்யாணமான பதினெட்டு வருடமும் “இந்தச் செப்பு நாத்தத்த மொதல்ல வெளிய போடு” என்று கத்தியவள், இன்று லென்ஸோடு உட்கார்ந்திருக்கிறாய். சிரித்துச் சிரித்து காபியைச் சிந்திவிட்டேன்.

கவனமாகக் கேள். காசை அடிக்கிற இரும்பு அச்சு இருக்கிறதே, அதைச் செய்யும்போது மாதிரியை அதன்மேல் இரண்டு தடவை அழுத்துவார்கள். இரண்டாவது தடவை மயிரிழை விலகினாலும் அச்சிலேயே எழுத்து இரட்டித்துவிடும். அந்த அச்சில் பிறக்கிற அத்தனை காசுக்கும் அதே மச்சம் இருக்கும். அதுதான் உண்மை.

பொய் எது என்றால், காசை அடிக்கிற நொடியில் எந்திரம் ஆடி எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். அதுவும் இரட்டைபோலவே தெரியும். ஆனால் தட்டையாக இருக்கும், எழுத்தும் மெலிந்திருக்கும். உண்மையானதில் இரண்டு எழுத்துமே உருண்டு நிற்கும். எழுத்தின் மூலையில் பாம்பு நாக்குபோலச் சின்னப் பிளவு இருக்கும். பிளவைத் தேடு.

விளக்கும் ஏமாற்றும். சந்தேகம் வந்தால் காசைத் தலைகீழாகத் திருப்பிப் பார். உண்மையான இரட்டை காசோடு சேர்ந்து திரும்பிவிடும். வெறும் நிழல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நான் இன்னும் சோள லாரிதான் ஓட்டுகிறேன். மிச்சமெல்லாம் பழையபடி. சந்தேகமான காசுகளை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

டெல்மர்

*

ஸ்டூபன்வில்
மார்ச் 3

அன்புள்ள டெல்மர்,

மூன்று காசு அனுப்பியிருக்கிறேன். முதலாவதில் பிளவு இருக்கிறது என்று தோன்றுகிறது. இரண்டாவது தட்டையா உருண்டையா என்றே புரியவில்லை. மூன்றாவதைச் சும்மா வைத்தேன்.

ஏப்ரலில் சங்கம் கண்காட்சி வைக்கிறது. அவரவர் கண்டுபிடித்ததை மேசையில் வைக்கலாம். முப்பது ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி. என்னிடம் காபி ஊற்றச் சொல்லாமல் ஒரு காசைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அதனால் நன்றாகப் பார்த்துச் சொல்.

வெள்ளிக்கிழமை மாதா கோயில் மீன் விருந்துக்கு நான்தான் உருளைக்கிழங்கு பிசைந்தேன். உன்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வெர்னா

*

மெக்குக்
மார்ச் 12

அன்புள்ள வெர்னா,

அடி சக்கை! மூன்றுமே இரட்டை. ‘லிபர்ட்டி’ என்ற எழுத்தைப் பார், வருடத்தைப் பார், எல்லாவற்றுக்கும் மேலே இடது பக்கமாக இன்னொரு எழுத்து ஒட்டி நிற்கிறது. உருண்டையா என்றால், உருண்டைதான். என் ஆயுளில் ஒரே உறையில் மூன்று பார்த்ததில்லை. உனக்கு அதிர்ஷ்டக் கை. காசுகளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், தைரியமாக மேசையில் வை.

ஒன்று கேட்க மறந்தேன், பேனாவை மாற்றிவிட்டாயா? கையெழுத்து தடித்துப் போயிருக்கிறது.

டெல்மர்

*

ஸ்டூபன்வில்
மார்ச் 27

டெல்மருக்கு,

செவ்வாய்க்கிழமை மூன்று காசையும் பட்டுத் துணியில் வைத்துக் கொண்டுபோனேன். எல்லோர் முன்னாலும் “மூணுமே இரட்டை அச்சு” என்று சொன்னேன். ஆஸ்கர் லென்ஸை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“யாரும்மா ஒனக்கு இத சொன்னது?”

“விஷயம் தெரிஞ்ச ஆளு.”

“அந்த ஆளு ஒன்னக் கிண்டல் பண்ணிருக்கான். மொத ரெண்டும் எந்திரம் ஆடுனது. மூணாவதுல அதுகூட இல்ல. இந்த ஒரு சென்ட்டுக்கு ஒனக்கு ஒரு சென்ட்தான் கெடைக்கும்.”

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? காரில் ஏறிய பிறகு அழுதேன்.

நீ மாறவே இல்லை. சமையலறைக்கு மஞ்சள் அடித்தபோது என்ன செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? ஒரு சுவரைத்தான் முடித்திருந்தேன். “எப்படி இருக்கு?” என்றேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் “நல்லாருக்கு, மொத்தமா நல்லாருக்கு” என்றாய். எதைக் கேட்டாலும் ஆமாம். அம்மா வீட்டுக்குப் போகட்டுமா, ஆமாம். பிரிந்துவிடலாமா, அதற்கும் ஆமாம். நான் சொல்வதை ஒரு தடவையாவது பார்த்துச் சொல்லியிருக்கிறாயா?

இத்துடன் நாலாவது காசு. நேற்று வங்கியில் வாங்கிய புதுச் சென்ட். உனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. நான் சந்தோஷப்படுவேன் என்று எதையாவது எழுதாதே.

பேனா அதே பேனாதான்.

வெர்னா

*

மெக்குக்
ஏப்ரல் 5

வெர்னா,

சத்தியமாக உன்னைக் கிண்டல் செய்யவில்லை. உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலாவது காசை ஒரு மணி நேரம் பார்த்தேன். உன்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்லவில்லை, கோபப்படுத்தவும் சொல்லவில்லை. அதுவும் இரட்டைதான். அதே மேல் பக்கம், அதே இடது பக்கம். எனக்கே பயமாகிவிட்டது. என் சட்டைப் பையிலிருந்த சில்லறையை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அப்படியே. நாட்டில் அடிக்கிற அத்தனை அச்சும் ஒரே பக்கமாக விலகிவிட்டதா? ஆஸ்கருக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறதா, இல்லை எனக்குத் தெரிந்ததெல்லாம் போய்விட்டதா? ஒன்றும் விளங்கவில்லை, வெர்னா. நீ திட்டு, ஆனால் பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே.

டெல்மர்

*

ஸ்டூபன்வில்
ஏப்ரல் 13

அன்புள்ள டெல்மர்,

எழுத்தைப் பெரிதாகவே எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். பிறகு பழைய கடிதங்களையும் எடுத்து மேசையில் பரப்பினேன். பிப்ரவரியில் உன் வரி நேராக இருக்கிறது. ஏப்ரலில் ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறிக் கிடக்கிறது. என் கையெழுத்து தடித்துவிட்டது என்கிறாய். எல்லாக் காசிலும் ஒரே பக்கம் என்கிறாய்.

நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். அந்த நாலாவது காசை எடு. ஜன்னல் பக்கம் போ. ‘லிபர்ட்டி’யைப் பார். பிறகு தலையை அசைக்காமல் காசை மட்டும் தலைகீழாகத் திருப்பு. அந்த இரண்டாவது எழுத்து காசோடு சேர்ந்து கீழே வலது பக்கம் போகிறதா, இல்லை மறுபடியும் மேலே இடது பக்கமே நிற்கிறதா?

பார்த்துவிட்டு எழுது. எனக்குப் பிடித்ததை எழுதாதே, பார்த்ததை எழுது.

வெர்னா

*

மெக்குக்
ஏப்ரல் 22

அன்புள்ள வெர்னா,

திருப்பினேன். நகரவில்லை.

பத்துக் காசைத் திருப்பினேன். லென்ஸைத் திருப்பினேன். நாற்காலியை மாற்றிப் போட்டேன். அது அங்கேயே நிற்கிறது. காசில் ஒன்றும் இல்லை, என் கண்ணில்தான் இருக்கிறது.

எனக்குச் சந்தேகம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஜனவரியிலிருந்தே எதிரே வருகிற லாரி விளக்கைச் சுற்றி முள் முள்ளாகத் தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்பா கடைசியில் கண் தெரியாமல் சுவரைத் தடவித் தடவி நடந்தது உனக்குத் தெரியும். அவருக்குச் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கையில் கொடுத்தது நீதான். எனக்கும் அதுதான் வரப்போகிறது.

ஆனால் ஒன்று. நான் பார்த்தேன், வெர்னா. இந்தத் தடவை நிஜமாகவே பார்த்துத்தான் சொன்னேன். அது தப்பாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

டெல்மர்

*

ஸ்டூபன்வில்
ஏப்ரல் 29

அன்புள்ள டெல்மர்,

முதலில் அழுகையை நிறுத்து, மடையா. உனக்கு வந்திருப்பது கண்புரையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். போன வருடம் என் வலது கண்ணில் எடுத்தார்கள். எனக்கும் ஒற்றைக் கண்ணால் பார்த்தாலே கடிகாரத்தில் இரண்டு முள் கூடுதலாக இருந்தது. அரை மணி நேர வேலை, மறுநாள் செய்தித்தாள் படித்தேன். உன் அப்பா டாக்டரிடம் போகவே மாட்டேன் என்று அடம் பிடித்தவர். நீ போகிறாய். அதுவரை லாரி சாவியை முதலாளியிடம் கொடுத்துவிடு. எதிரே வருகிறவனும் யாருக்கோ வீட்டுக்காரன்தான்.

உன்னைப் பொய்யன் என்று நினைத்ததற்கு மன்னித்துக்கொள். கண்காட்சியில் என் மேசை காலியாகத்தான் இருந்தது. காபி ஊற்றினேன்.

இத்துடன் ஒட்டிய சின்ன உறை ஒன்று இருக்கிறது. கண் கட்டைப் பிரித்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். உள்ளே ஒரு சென்ட். இரட்டையா இல்லையா, பார்த்துச் சொல்.

இரண்டாவதாக ஒன்று கேட்கிறேன். டாக்டரிடம் உன்னைக் கூட்டிப்போக அங்கே ஆட்கள் இருப்பார்கள். நான் வந்து என்ன செய்யப்போகிறேன்? நான் வரவேண்டாம் என்றுதானே உனக்கும் தோன்றுகிறது?

வழக்கம்போல ஆமாம் என்று எழுதிவிடாதே. யோசித்து எழுது.

வெர்னா

*

மெக்குக்
மே 24
(தபால் அட்டை)

என் வெர்னாவுக்கு,

நேற்று இடது கண் ஆபரேஷன் முடிந்தது, பக்கத்துப் பண்ணைக்காரர் கூட்டிப்போனார். வலது கண் ஜூன் பதினெட்டு. இன்று காலை உறையைத் திறந்தேன். ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன், திருப்பியும் பார்த்தேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. சாதாரணச் சென்ட், ஒரு சென்ட்டுக்கு ஒரு சென்ட்தான் கிடைக்கும்.

‘நான் வரவேண்டாம்தானே’ என்ற இரண்டாவது கேள்விக்கு மூன்று வாரம் யோசித்தேன்.

அதற்கும் இல்லை.

டெல்மர்