ஊருக்குப் போய்ச் சொல்றோமுங்க

காலையில் பெண் பார்க்க வந்தவர்கள் போய் வெகுநேரமாகியும் கூடத்தில் கேசரியின் நெய் மணம் போகவில்லை. இந்த முறை என் பேத்திக்கு. தட்டுகளை அடுக்கியபடியே என் மகள் சொன்னாள்: "சித்தி இருந்திருந்தா இந்நேரம் சொல்லிருப்பாக, ஆகுமா ஆகாதான்னு." நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவள் தேடுவதோ, போய்ச் சேர்ந்துவிட்ட உன்னை.

கான்வென்டில் ஒரே பெஞ்சுத் தோழிகள் நாம். வார்த்தை கொடுத்தால் அதில் நிற்கவேண்டும் என்று சிஸ்டர்கள் இருவருக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மொழிப்பாடத்தில் பரிசெல்லாம் எனக்கு. நீ ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தவள். கல்யாணமாகித் திண்டுக்கல்லில் ஒரே தெருவுக்கு வந்த பிறகும் அந்தப் பெருமையை நான் விடவில்லை.

பிறகு என் மகளைப் பெண் பார்க்க நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்தார்கள். "கேசரி பிரமாதமுங்க. ஊருக்குப் போய்ச் சொல்றோமுங்க" என்று கைகூப்பினார்கள். சொல்கிறோம் என்றவர்கள் சொல்லத்தானே செய்வார்கள்? நான் தபால்காரரை எதிர்பார்க்கத் தயாரானேன். நீயோ அவர்கள் கார் தெருமுனை திரும்புமுன்பே சிரித்தாய்.

"ஏண்டி, ஒரு வாய் தொடாத கேசரி என்னடி பிரமாதம்? வேற எடம் பாரு."

முகம் வாடி நின்ற என் மகள் உன் தோளில் சாய்ந்து சிரித்துவிட்டாள். கடிதம் வரவேயில்லை. மாப்பிள்ளை வீட்டார்மீது எனக்குக் கோபமில்லை, கோபமெல்லாம் உன்மீதுதான். அன்றிலிருந்து எதற்கும் அவள் உன் வீட்டுக்குத்தான் ஓடினாள்.

இன்று வந்தவர்களுக்குப் பாலசமுத்திரம். விடைபெறும்போது அதே பேச்சு: "ஊருக்குப் போய்ச் சொல்றோமுங்க." ஆனால் பையனின் அம்மா கொல்லைவரை வந்து, கறிவேப்பிலைக் கன்றுகளைத் தடவிப் பார்த்தார். "இதுல எனக்கு ஒண்ணு வேணுமுங்க. இப்ப வேண்டாம், அடுத்தவாட்டி எடுத்துக்கறேன்" என்றார்.

மகளிடம் சொன்னேன்: "ஆகும். வேணும்னு கேட்ட கன்ன இங்கேயே விட்டுட்டுப் போறவக, திரும்பி வருவாக."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "அப்படியே சித்தி மாதிரி பேசுறம்மா!"

சாயங்காலம் போன் வந்தது. சம்மதமாம். வீடே சிரிக்கிறது. நான் மட்டும் மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். அவள் என்னைப் புகழ்ந்தாலும் உன் பேரைச் சொல்லித்தான் புகழ வேண்டியிருக்கிறது. உன்னைப் பொறாமையோடு பார்த்துப் பார்த்தே இப்படி ஆளைக் கணிக்கக் கற்றேன் என்பதை அவளிடம் சொல்லமாட்டேன்.

நாளைக்கு ஒரு கன்றைத் தொட்டியில் மாற்றிவைக்கவேண்டும், சம்பந்தியம்மாவுக்காக. அவை எல்லாமே உன் வீட்டு மரத்தடியில் முளைத்தவை. அதையும் யாரிடமும் சொல்லப்போவதில்லை.