மேனேஜர் விழுங்கியது என்ன?

மார்ச் 3, செவ்வாய்

மாமாவுக்குக் காது மிஷின் வந்ததிலிருந்து வீட்டில் தினம் ஒரு கண்டுபிடிப்பு. இன்று என் தையல் மிஷின் சத்தத்தைக் கேட்டாராம். "ஏம்மா, இவ்வளவு இரைச்சல்லயா நாள் பூரா உக்காந்திருக்கே?" என்றார். இத்தனை வருஷமாகப் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்! சமையலறைக் குழாய் சொட்டுவதையும் அவர்தான் கண்டுபிடித்தார். எங்களுக்கெல்லாம் பழகிப்போய்க் காதிலேயே விழவில்லை. புதிதாகக் கேட்கும் ஒருவருக்கு எந்தச் சத்தம் பிடிக்கும், எது எரிச்சலாக இருக்கும்? கேட்க வேண்டும்.

மேனேஜர் இன்று ஒரு பள்ளிப் பையின் வாரைக் குதறிவிட்டது. மாமாவின் நாய்க்கு அந்தப் பெயரை வைத்தது அவர் பிள்ளை, என் வீட்டுக்காரர். பொருத்தமான பெயர்தான். துரும்பைக்கூட நகர்த்தாமல் என் மேசைக்கடியில் படுத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் மேற்பார்வை பார்க்கும். நாளைக்குக் கொடுக்க வேண்டிய பை அது. வந்த ஆத்திரத்தில் அக்காவுக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன். "தோட்டம் வச்சிருக்கறவங்க யாராவது இருந்தா சொல்லு, இதைத் தள்ளி விட்டுடறேன்." வேறு வார் வெட்டித் தைத்து முடிக்கும்போது முதுகு விட்டுப்போயிற்று.

மார்ச் 5, வியாழன்

மாமா காது மிஷின் போடவில்லை. ஏன் என்று சைகையில் கேட்டேன். "உறுத்துது" என்றார். மறுபடியும் கத்தல். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மார்ச் 7, சனி

தூக்கம் வரவில்லை. எழுதினாலாவது மனசு அடங்குமா பார்க்கிறேன்.

மத்தியானம் மேசைக்கடியில் 'களக் களக்' என்று சத்தம். குனிந்து பார்த்தால் மேனேஜர் நுரையாகக் கக்கியிருக்கிறது. பக்கத்தில் மாமாவின் மிஷின் பெட்டி — மூடி ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், எல்லாம் பல் தடம். உள்ளே ஒன்றுமில்லை. அடப்பாவி! முழுங்கிட்டியா?

என் வீட்டுக்காரர் ஓடிப்போய் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். வாந்தி எடுக்க வைத்தால் வெளியே வந்துவிடுமாம். யார் சொன்னது? அவருக்கே தெரியவில்லை. அந்தத் தம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு நாய் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் முதலில் சொன்னதே, "வாந்தி எடுக்க வைக்காதீங்க" என்பதுதான். உள்ளே போகும்போது புண்ணாக்கிய பொருள் திரும்பி வரும்போதும் புண்ணாக்குமாம். உப்பே நாய்க்கு விஷமாகிவிடுமாம். எப்போது விழுங்கியது, மூச்சு சரியாக விடுகிறதா, ஈறு என்ன நிறம் என்று கேட்டார். நாயின் ஈறு என்ன நிறமாக இருக்க வேண்டும் என்று நான் இதுவரை யோசித்ததே இல்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பு. பரவாயில்லையாம். "அந்த மிஷின்ல வட்டமா சின்ன பேட்டரி இருக்குமே, அதான் பயம். மிச்சப் பெட்டியையும் எடுத்துட்டு உடனே கிளம்புங்க."

"அப்பாகிட்ட சொல்லாதே, பதறிடுவாரு" என்றார் இவர். அது பாதிதான் உண்மை. மாமாவிடம் ஒன்றைக் கத்திச் சொல்வதென்றால் தெருவுக்கே சொல்வது மாதிரி. "என்னடா ஆச்சு?" என்று அவர் கேட்டதற்கு இவர் தன் வயிற்றைத் தடவிக் காட்டினார். மாமா மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி, நாயை மடியில் போட்டுக்கொண்டார்.

எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் வெள்ளையாக ஒரு வட்டம். அவ்வளவுதான். "மிஷின்னா உள்ள கம்பி கிம்பி இருக்குமே டாக்டர், அதெல்லாம் எங்கே?" என்று கேட்டேன். அந்தப் பதற்றத்திலும் என் வாய் சும்மா இருக்காது. அவரும் புருவத்தைச் சுருக்கினார். "கடிச்சு வெளிய துப்பியிருக்கலாம். வட்டத்தைப் பார்த்தா பேட்டரி மாதிரிதான் இருக்கு. கடிபட்ட பேட்டரின்னா வயித்தையே அரிச்சிடும், காத்திருக்க முடியாது. மயக்க மருந்து கொடுத்து இப்பவே எடுக்கணும்."

அதற்குள் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தவர் கொஞ்சம் நிறுத்தினார். "வயசாயிடுச்சு. இதயத்துல இரைச்சல் கேக்குது. மயக்கத்துலேருந்து எழுந்திருக்கும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. நாய்க்குச் சொந்தக்காரர் யாரு? அவர் சம்மதிக்கணும்."

நாங்கள் இரண்டு பேரும் மாமாவைப் பார்த்தோம். அவர் மேனேஜரின் காதை நீவிக்கொண்டிருந்தார், ஒன்றும் தெரியாமல். வேறு வழியில்லை. இவர் குனிந்து அவர் காதருகே கத்தினார்: "அப்பா! உங்க காது மிஷினை நாய் முழுங்கிடுச்சு! ஆபரேஷன் பண்ணணும்! எழுந்திருக்குமான்னு தெரியலை!"

வெளியே கூடைக்குள் இருந்த பூனை சீறியது. காத்திருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

மாமா எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கையை விட்டு மடித்த கைக்குட்டையை எடுத்தார். பிரித்தார். உள்ளே மிஷின்! முழுசாக, பேட்டரியோடு. நிதானமாகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்:

"இப்ப சொல்லுங்க டாக்டர். என்ன முழுங்குச்சு?"

வீட்டிலேயே ஒரு வார்த்தை அவரிடம் கேட்டிருக்கலாம். கத்தச் சோம்பல்பட்டு, ஒரு கிழட்டு நாயைக் கத்திக்குக் கொடுக்க இருந்தோம்.

ஆனால் அந்த வட்டம்? டாக்டரம்மா நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து இன்னொரு படம் எடுத்தார். வட்டம் இப்போது தொப்பி மாதிரி தெரிந்தது, நடுவில் சின்ன மேடு. நாள் பூரா அதைத்தானே அடித்துப் பொருத்துகிறேன்! "டிச் பட்டன்!" என்று கத்தியேவிட்டேன். மாமா காதைப் பொத்திக்கொண்டார். என் கைப்பையின் வாயை அழுத்திப் பூட்டுவதும் அதே ரகம்தான். திறந்து காட்டினேன். டாக்டரம்மா அதைப் படத்தின் மேல் வைத்து அளவு பார்த்தார். பிறகு என் பட்டனில் ஒரு காந்தத்தை வைத்தார், ஒட்டியது. "இரும்பு. துத்தநாகமா இருந்தா அதுவும் விஷம். இது தானா வெளிய வந்துடும்." வாந்தி நிற்காவிட்டாலோ, வயிறு உப்பினாலோ, துவண்டு படுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். நாளை மறுநாள் இன்னொரு படம். செவ்வாய்க்கிழமை குதறிய அந்த வாரிலிருந்த பட்டனாகத்தான் இருக்கும். வாரை மாற்றினேன், பட்டன் எங்கே போயிற்று என்று தேடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நாய்க்குப் பின்னாலேயே குச்சியும் பழைய செய்தித்தாளுமாக அலைகிறேன். எதிர்வீட்டு நர்ஸ் கேட்டார், "என்ன தேடறீங்க?" "பட்டன்" என்றேன். குச்சியையும் என்னையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 9, திங்கள்

வந்துவிட்டது! காலையிலேயே! கையுறை போட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, ஜோடிப் பட்டனில் வைத்து அழுத்திப் பார்த்தேன். 'டிக்.' இன்னும் வேலை செய்கிறது. இதற்குமேல் என்ன உத்தரவாதம் கொடுப்பது? படத்திலும் வயிறு காலி. டாக்டரம்மா மேனேஜரின் முதுகில் தட்டினார்.

சாயங்காலம் மாமாவிடம் கேட்டேன். "மிஷின் உறுத்துதுன்னீங்களே, இப்ப?"

"உறுத்தவே இல்லம்மா."

"அப்புறம் ஏன் கழட்டினீங்க?"

"நல்லாக் கேட்டுச்சு. ரொம்ப நல்லாக் கேட்டுச்சு. அதான்." சொல்லிவிட்டு மேனேஜரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அக்காவிடம் பேசியது. பக்கத்து அறை. கதவு திறந்திருந்தது. எத்தனையோ வருஷமாக அவருக்குக் காதில் விழாது என்ற தைரியத்திலேயே பேசிப் பழகிய வாய். வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், டீ வேண்டுமா என்றுதான் கேட்க வந்தது.

மார்ச் 14, சனி

அக்கா போன் செய்தாள். பெரிய தோட்டம் வைத்திருக்கும் ஒரு தம்பதி கிடைத்திருக்கிறார்களாம். "ஏண்டி, நாயை எப்ப கொண்டு வந்து விடறே?"

மாமா பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மிஷின் காதில். மேனேஜர் என் காலடியில். எழுந்துபோய்க் கதவைச் சாத்தலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சாத்தவில்லை. குரலையும் உயர்த்தவில்லை, எப்போதும் பேசுகிற மாதிரியே சொன்னேன்:

"இல்லக்கா. அது எங்கேயும் போகாது. மாமாவோட நாய், இங்கதான் இருக்கும். நான்தான் அன்னிக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

போனை வைத்தேன். பேப்பர் புரளும் சத்தம் இல்லை.

"ஏம்மா," என்றார் மாமா உள்ளேயிருந்து, "அந்தக் குழாய் இன்னும் சொட்டுது."