நான் சொல்லாமல் விட்ட அளவு

என் பாசத்துக்குரிய பாவாவுக்கு,

நீங்கள் இல்லாமல் வரும் முதல் ஆடிக் கிருத்திகை. காவடிகள் மலையேறுகின்றன. மடைப்பள்ளியில் உங்கள் இடத்தில் உங்கள் தம்பி மகன் நிற்கிறான். பொங்கல் இளகிவிட்டது என்று அக்கா சொன்னாள். உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு, உங்கள் கைப்பக்குவத்தை நாற்பது வருடம் ருசித்தவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நினைவிருக்கிறதா? மூன்று வருடத்துக்கு முன்பு, உங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். படியேறி ஏறி முட்டி வலி என்றீர்கள். சீந்தில் கொடி சாப்பிடலாமா என்று கேட்டீர்கள்.

"இன்னா எலி டாக்டரம்மா, உங்க எலிங்க அத குடிச்சிட்டு நல்லா இருந்துச்சா?"

மருந்துச் செடிகளின் சாறு கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். அந்தக் கேலி எனக்குப் பிடிக்காது. "ஒன்னும் ஆகல பாவா. ரத்தத்துலயும் பாத்தோம், கல்லீரல சீவி மைக்ராஸ்கோப்புலயும் பாத்தோம். சுத்தமா இருந்துச்சு" என்றேன், கொஞ்சம் கர்வமாகவே.

பொய் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன். நாங்கள் கொடுத்தது தண்ணீரில் காய்ச்சிய சாறு, எலியின் எடைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, இருபத்தெட்டே நாள். பள்ளியில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதாவிட்டால் எங்கள் கான்வென்ட் சிஸ்டர் விடையையே அடித்துவிடுவார். அதே காரணத்துக்காக நானும் ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ பேரின் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு மட்டும் அளவே இல்லாத ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, ரசம் கேட்டேன்.

நீங்களோ மடைப்பள்ளிக்காரர். எதையும் சுண்டக் காய்ச்சினால்தான் உங்களுக்குத் திருப்தி. கூடை நிறையக் கொடியை நறுக்கிப் போட்டு, ஒரு அண்டா தண்ணீர் ஒரு சொம்பாகும் வரை வற்றவைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறி டப்பாவில் வைத்துக்கொண்டீர்கள். காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி, மூன்று வருடம். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா?

கண் மஞ்சளாகி, கால் வீங்கி, உங்களைச் சென்னைக்குக் கொண்டுபோனோம். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். "அதெல்லாம் இல்லீங்க. வூட்டு சாப்பாடுதான்" என்றாள் அக்கா. அவள் மறைக்கவில்லை. உங்கள் வீட்டில் அடுப்பிலிருந்து இறங்கியது எதுவும் மருந்துக் கணக்கில் வராது.

அவள் காலடியில் அந்த டப்பா இருந்தது. அவள் அதைத் திறந்து ஒரு கரண்டி எடுத்தபோதே, அது சுண்டக் காய்ச்சிய சீந்தில் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீங்களோ படுத்தபடியே என்னைக் காட்டி, "குடு, குடு. சரோஜாவே நல்லதுன்னு சொல்லிக்கீது" என்றீர்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை, பாவா. திறந்தால், சாப்பிடலாம் என்று சொன்னது யார் என்ற கேள்வி வரும். முப்பத்தொரு வருடம் யாரும் என் வேலையில் குறை சொன்னதில்லை. இரண்டு நாள் அப்படியே நின்றேன். மூன்றாம் நாள்தான் டாக்டரிடம் சொன்னேன். அந்தக் கொடி மட்டுமே காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முன்பே நிறுத்தியிருக்கலாம் என்றார். முன்பே என்றால் எவ்வளவு முன்பே? இரண்டு நாள் போதுமா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

போன வெள்ளிக்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"மூணு வருசம் உனக்கு தெரியாது. சரி. அந்த ரெண்டு நாள் இன்னாத்துக்குடி சும்மா இருந்த?"

அவள் எழுந்துபோய், உள்ளே மிச்சமிருந்த டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"பக்கத்து வூட்டம்மா இத கேட்டுகினே கீறாங்க. உங்க தங்கச்சி எலிக்கு குடுத்து பாத்து நல்லதுன்னாங்களாமேன்னு. நானா போய் சொல்லணும்? நீயே போய் சொல்லு."

என் பெருமையை நீங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போனபோது அந்தத் தெருவில் என்னைத் தலைகுனியாமல் நடக்கவைத்ததும் நீங்கள்தான்.

நாளைக் காலையில் அதே தெருவில் வீடு வீடாகப் போகிறேன். என்ன பார்த்தோம், எவ்வளவு கொடுத்தோம், எத்தனை நாள், எதைப் பார்க்கவே இல்லை என்று சொல்வேன். அந்த இரண்டு நாளையும் சொல்வேன். இந்த முறை எதையும் பாதியில் விடமாட்டேன், பாவா.

இப்படிக்கு,
உங்கள் மச்சினி,
எலி டாக்டரம்மா