புகார் எண் 1022117

குழியை மூடாமலே மூடிவிட்டதாக எழுதியவர்கள் உன்னைக் கொன்றார்கள். நீ வேகமாக வந்து விழுந்ததாகப் போலீஸ் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்து உன்னைப் படிக்கவைத்த உன் அப்பாவிடம், வாசித்துக்கூடக் காட்டாமல் அதில் கையெழுத்து வாங்கினார்கள்.

இன்று காலை கைப்பேசியில் இடமில்லை என்று பழைய குறுஞ்செய்திகளை அழித்துக்கொண்டிருந்தேன். 'புகார் எண் 1022117 பதிவு செய்யப்பட்டது' என்ற செய்தியில் விரல் நின்றது. சனிக்கிழமைதோறும் நீ பைக்கில் உன் ஊரான எழுமலைக்குப் போகும் சாலையில், குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட குழி. இருவர் பெயரிலும் புகார் கொடுத்தோம். எண் வந்ததும் உனக்குக் குழி மறந்துவிட்டது.

"மாப்ள, இது பகா எண்ணா இருக்கும்போலயே!"

கணிதம் படித்துவிட்டுக் காளவாசல் கடையொன்றில் செல்போன் பழுதுபார்த்துக்கொண்டிருந்த நமக்கு அது போதும். கால்குலேட்டர் தொடக்கூடாது என்பது உன் சட்டம். மதியச் சாப்பாட்டுக்குப் பின், அட்டைப்பெட்டிகளின் முதுகில் ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டே போனேன். பத்தாம் நாள் 997 வந்தது. மீதி 192. ஆயிரத்துக்குள் இருக்கும் 168 பகா எண்களும் முடிந்தன. எதற்கும் வகுபடவில்லை. "பகா எண்தான்" என்று அறிவித்தேன்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"ஆயிரத்துல எதுக்குடா நின்ன? அங்க என்ன பஸ் ஸ்டாப்பா? வர்க்கமூலம் ஆயிரத்துப் பத்தத் தாண்டுதுல்ல. இன்னும் ஒன்னு பாக்கி."

அந்த ஒன்று 1009. வகுத்தேன். மீதியில்லாமல் 1013 வந்தது.

முதல் நாளே உனக்குத் தெரிந்திருக்கிறது. 1011-ஐ 1011-ஆல் பெருக்கினால் 1022121. அதில் நான்கைக் கழித்தால் நம் எண். நான்கு என்பது இரண்டின் வர்க்கம். ஆகவே 1011-இல் இரண்டைக் குறைத்தால் ஒரு காரணி, இரண்டைக் கூட்டினால் இன்னொன்று.

"அம்புட்டுத்தான் மாப்ள. ரெண்டுமே பகா எண். நடுவுல வேற யாரும் நுழைய முடியாது."

அன்று மாலையே அடுத்த செய்தி வந்தது. 'புகார் தீர்க்கப்பட்டது.'

"போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வருவமா?" என்றாய்.

"அதான் மூடிட்டாய்ங்கன்னு போட்ருக்குல்ல. வேலையப் பாருடா" என்றேன்.

சனிக்கிழமை மழை. குழி நிறையத் தண்ணீர், பார்வைக்குச் சாலையாகவே கிடந்திருக்கிறது. மூடிவிட்டார்கள் என்று நம்பி நேராக ஓட்டியிருக்கிறாய்.

இப்போது எந்த எண்ணையும் வர்க்கமூலம்வரை பார்க்காமல் விடுவதில்லை. முடிந்தது என்று யார் சொன்னாலும் போய்ப் பார்க்கிறேன். நீ இருந்தபோது செய்திருக்க வேண்டியது.

மதியம், நம் புகாரைப் பதிவு செய்த அலுவலகத்துக்குப் போனேன். எண்ணைத் தட்டிப் பார்த்த எழுத்தர், "இது முடிஞ்சுபோன நம்பர் தம்பி. புதுசா ஒன்னு போடுங்க, வேற நம்பர் வரும்" என்றார்.

"வேற நம்பர் வேணாம் சார். இந்த நம்பருக்கு, குழிய மூடியாச்சுன்னு எழுதினது யாரு? பேரச் சொல்லுங்க."

எனக்குப் பின்னால் நின்றவரின் மனுவை வாங்கக் கையை நீட்டினார். நான் நகரவில்லை.

"பேரச் சொல்லுங்க சார்."